சந்தியாகு கட்டிய சிவப்பு அட்டைகள்

மந்தாரக்குப்பத்தில் சந்தியாகுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தங்கமான மனுஷன், ஒழுங்கு என்றால் அவனைத்தான் பார்க்க வேண்டும். அனல்மின் நிலையத்தில் பதினாறு வருஷம் கான்ட்ராக்ட் வேலை. ஒரு நாள்கூட ஷிப்ட்டுக்குப் பிந்திப் போனதில்லை. ஹெல்மெட் இல்லாமல் கேட்டைத் தாண்டியதில்லை. ஒரு நட்டு, ஒரு போல்ட்டு வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. அப்படிப்பட்டவன் தன் ஆறு வயது மகளுக்குச் செய்த காரியத்தைக் கேட்டால் வயிறு எரியும். அதையும் அவன் ஒழுங்காகத்தான் செய்தான், அதுதான் கொடுமை.

கொதிகலனுக்குப் போகிற தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவனுக்கு வேலை. அமிலத் தொட்டி ஒரு பக்கம், தோலை அரிக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டி ஒரு பக்கம். அங்கே ஏதாவது ஒரு பம்ப்பைப் பழுது பார்க்கப் பிரித்துப் போட்டால், அதன் சுவிட்சில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். 'அபாயம், தொடாதே' என்று எழுதியிருக்கும். எவன் கட்டினானோ அவன்தான் அவிழ்க்க வேண்டும். வேறொருவன் அவிழ்த்து சுவிட்சைப் போட்டுவிட்டால் உள்ளே கை விட்டு வேலை செய்துகொண்டிருப்பவன் கதை முடிந்தது. சந்தியாகு கட்டிய அட்டையில் இன்ஜினியரே வந்தாலும் கை வைக்க முடியாது. மல்லுக்கு நிற்பான்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் ஏஞ்சலின். பெற்றவள் சகாயமேரி போகாத கோயில் இல்லை, வைக்காத வேண்டுதல் இல்லை. சந்தியாகுவுக்கு மகள் என்றால் உயிர். கேன்டீனில் கொடுக்கும் இரண்டு வடையில் ஒன்றைத்தான் தின்பான். மற்றதைக் காகிதத்தில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவருவான். அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் தெருமுனைக்கு ஓடி வருவாள். வண்டியை நிறுத்தி, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வடையைப் பிட்டுப் பிட்டு வாயில் ஊட்டிக்கொண்டே வீடு வரை வண்டியை ஒற்றைக் கையால் தள்ளுவான். தெருவே பார்த்துச் சிரிக்கும்.

இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாசம் பட்டியல் வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். அதில் சந்தியாகுவின் பெயரும் இருந்தது. சித்திரையில் மெடிக்கல்; உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டால் போதும், ஆர்டர் கைக்கு வந்துவிடும். பர்மனென்ட் என்றால் சும்மாவா? டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மரம், பெண்டாட்டி பிள்ளைக்கு வைத்தியம், நிம்மதியான தூக்கம். வாடகை வீட்டில், பட்டம்மாள் என்கிற வீட்டுக்காரியின் வாய்க்குப் பயந்து குழாயைச் சத்தமில்லாமல் திறந்து மூடும் வாழ்க்கை அதோடு முடிந்தது. பதினாறு வருஷம் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்காகத்தான்.

சும்மா இருந்தவனை டீக்கடையில் கிளறிவிட்டவன் சக்கரபாணி. அவனும் அதே பட்டியலில் இருந்தவன்தான்.

"யோவ், மெடிக்கல்னா லேசுன்னு நெனச்சிகினு இருக்கியா? சட்டையக் கழட்டச் சொல்லி டார்ச் அடிச்சிப் பாப்பாங்க. ஒரு தேமல் இருந்தாக்கூட அவுட்டு. எம் மச்சான அப்பிடித்தான் தள்ளிட்டாங்க. தோலுதான்யா மொதல்ல."

சக்கரபாணியின் மச்சானுக்குத் தோல் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தோல் மேல் பழியைப் போட்டிருந்தான். இது சக்கரபாணிக்கே தெரியாது. தெரியாத விஷயத்தை அடித்துப் பேசுவதில் டீக்கடையில் உட்காருகிறவர்களை மிஞ்ச ஆளில்லை.

அந்த வாரமே, ஏஞ்சலினைக் குளிப்பாட்டும்போது சகாயமேரி கவனித்தாள். அக்குளுக்குக் கீழேயும் வயிற்றிலும் சின்னச் சின்னதாக, ஜவ்வரிசி அளவில், பளபளவென்று பருக்கள். நடுவில் குழி. வலியில்லை, காய்ச்சலில்லை, கொஞ்சம் அரிப்பு மட்டும். பதிமூன்று இருந்தன. கடைத்தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவிடம் மூன்று பேருமாகப் போனார்கள்.

"இது பாலுண்ணி. ஒரு வைரஸ். பயப்படுற வியாதியே இல்ல," என்றாள் டாக்டரம்மா. "மருந்துகூட வேணாம், தானா போயிடும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். சொறிய விடாதீங்க, நசுக்காதீங்க. துண்டு மட்டும் தனியா வெச்சுக்குங்க. சட்டை மூடுற எடம்தான், ஸ்கூலுக்கு அனுப்புங்க, வெளையாடட்டும்."

"ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டான் சந்தியாகு.

"ஒட்டும். ஆனா ஒட்டுனாலும் ஒண்ணும் ஆயிடாது."

அந்த மனுஷன் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் முறைப்படி கேட்டு, முனை மடங்கிக் கழித்துப் போட்ட சிவப்பு அட்டைகள் ஆறு வாங்கி வந்தான். ஏஞ்சலினின் தட்டு, டம்ளர், துண்டு, பாய், சோப்பு டப்பா, அவள் உட்காரும் ஸ்டூல், ஆறிலும் ஆறு அட்டையைக் கட்டினான். கூடத்தின் மூலையில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். அவன் வீட்டிலிருக்கும்போது அவள் கோட்டைத் தாண்டக் கூடாது.

அந்தக் குழந்தைக்கு முதலில் ஒரே குஷி. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். "தொ... டா... தே" என்று ஆறையும் படித்துக் காட்டினாள். எல்லாம் தனக்கென்று தனியாக வந்த பரிசு என்று நினைத்தாள்.

"ஏம்ப்பா கட்டுன?"

"பம்ப்பு ரிப்பேர்ல இருந்தா இத மாரி கட்டுவோம். சரியானதும் அவுத்துடுவோம்."

"நான் அவுக்கட்டா?"

"அய்யோ, கூடாது. கட்டுனவங்கதான் அவுக்கணும். வேற யாரு தொட்டாலும் உள்ள இருக்கறவங்க செத்துப்பூடுவாங்க."

அவள் கண்ணை விரித்துக்கொண்டு தலையாட்டினாள். அப்பா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

அன்று சாயந்திரமும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள். இருபது அடி தூரத்தில் சந்தியாகு, "நில்லு!" என்று கத்தினான். ஆலையில் குழாய் வெடித்தால் கத்துகிற குரல் அது. பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து, அவள் தட்டைத் தரையில் வைக்கச் சொல்லி, மேலேயிருந்து வடையை அதில் போட்டான். வடை தட்டில் விழுந்து உருண்டது. அவன் நகர்ந்த பிறகு அவள் வந்து எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அவளுக்கே பழகிப்போனது. வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வருவதில்லை. தட்டைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு மூலைக்குப் போய் நிற்பாள்.

"டாக்டரம்மா துண்டத்தான தனியா வெக்கச் சொன்னாங்க?" என்று சகாயமேரி ஒரு நாள் கேட்டாள்.

"மெடிக்கலுக்கு நீ போறியா, நான் போறனா?"

அதோடு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் ஷிப்ட்டுக்குப் போன பிறகு மகளை மடியில் போட்டுக்கொள்வாள். அவன் வருவதற்குள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாள். பெற்ற பிள்ளையைத் திருட்டுத்தனமாகக் கொஞ்ச வேண்டிய நிலைமை. ஒரு நாள் தைரியமாக எதிர்த்து நின்றிருந்தால் எவ்வளவோ நடக்காமல் போயிருக்கும். அவளுக்கும் குவார்ட்டர்ஸ் ஆசை இருந்தது.

அட்டைகளைப் பட்டம்மாள் பார்த்தாள். பார்த்தவள் சும்மா இருப்பாளா? அந்தப் பிள்ளைக்கு ஏதோ பெரிய வியாதி, அபாயம் என்று அச்சடித்தே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் தமுக்கடித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருவது நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் செய்தி போய், கடைசி பெஞ்சில் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். ஒரு வார்த்தை, இது சாதாரணப் பாலுண்ணி, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சந்தியாகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரும் அவளை நெருங்காமல் இருப்பது நல்லதுதான், யாராவது தொட்டு அது சுற்றி வந்து தன்னிடம் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டான். வெட்கங்கெட்ட கணக்கு.

பங்குனியில் ஒரு நாள் ஏஞ்சலின் வாசல்படியில் இடறி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். வலியில் கோடு, அட்டை எல்லாம் மறந்துபோய், "அப்பா" என்று அழுதுகொண்டு அவனை நோக்கி ஓடி வந்தாள். சந்தியாகு எழுந்து பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான். இரண்டு கையையும் தூக்கி மார்புக்கு மேலே வைத்துக்கொண்டான். "அங்கயே நில்லு. மேரி! மேரி! இவளப் புடி!" சகாயமேரி குழாயடியிலிருந்து வந்து சேர்வதற்குள் பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தாள். முழங்காலிலிருந்து ரத்தம் கணுக்கால் வரை இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் தூக்கிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெடிக்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சந்தியாகுவின் வலது முன்கையில் ஒரு பரு தலை காட்டியது. ஜவ்வரிசி அளவு, பளபளப்பு, நடுவில் குழி.

அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பதினாறு வருஷ உழைப்பு ஒரு பருவில் போய்விடும் என்று நம்பினான். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். சுண்ணாம்பு எதற்கு, அதைவிட நூறு மடங்கு வீரியமான சரக்குப் பக்கத்தில் அல்லவா தொட்டி தொட்டியாக இருக்கிறது என்று அவன் புத்தி வேலை செய்தது. பருவைச் சுட்டுப் பொசுக்க காஸ்டிக்கை நினைக்க, அந்தப் பிரிவில் வேலை செய்கிறவனால் மட்டும்தான் முடியும். ஒரு சின்னக் குப்பியில் எடுத்து, வடை வைக்கும் டிபன் பாக்ஸில் மறைத்துக் கொண்டுவந்தான். கேட்டில் பிடிபட்டிருந்தால் பர்மனென்ட் என்ன, உள்ள வேலையும் போயிருக்கும். பிடிபடவில்லை. பதினாறு வருஷ நல்ல பெயர் அவன் பாக்ஸைத் திறக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதலில் ஒரு சொட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான், பிறகு கழுவினான். பரு இருந்த இடம் வெந்து வெளுத்திருந்தது. பிறகு மூலையைப் பார்த்தான். அவளிடம் பதிமூன்றும் அப்படியே இருக்கும்போது தனக்கு இன்னொன்று வராது என்று என்ன நிச்சயம்?

"வேணாங்க. கொழந்தைங்க," என்றாள் சகாயமேரி.

"நான் தாங்கல? கையப் புடிச்சிக்கோ."

விதிப்படி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டான். விதிப்படி கண்ணாடியும் போட்டுக்கொண்டான். பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொன்னான். கோட்டைத் தாண்டி அவள் பக்கம் வந்து உட்கார்ந்தான். இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது அவன் அவ்வளவு பக்கத்தில் வந்து. அப்பா தொடப் போகிறார் என்று ஏஞ்சலின் சிரித்தாள். அவளாகவே வயிற்றைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் பட்டம்மாள் வந்து கதவைத் தட்டினாள். சகாயமேரி அழுதுகொண்டே கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவதில் பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போலிருக்கிறது என்று சந்தியாகு நினைத்தான். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவன். பதிமூன்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

புண் ஆழமாக இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் சீழ் வைத்தது. சகாயமேரி மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள். கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொன்னாள்.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் புண்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு, "எண்ணி எண்ணிப் பதிமூணு சொட்டு மட்டும் கொட்டுச்சா?" என்றாள். சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வருஷம் சும்மா இருந்திருந்தா தடம் தெரியாம போயிருக்கும். இனிமே இந்தத் தழும்பு போகாது. பேருக்குத்தான் இருந்துச்சு அந்த வியாதி. நீங்க பண்ணி வெச்சிருக்கறதுதான் நெஜ வியாதி."

சந்தியாகுவிடம் இதைச் சகாயமேரி சொன்னாள். அவன் காலண்டரைப் பார்த்தான். மெடிக்கலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

மெடிக்கல் அன்று விடியற்காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செபம் சொல்லிவிட்டுப் போனான். கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டார்ச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. சட்டையைக்கூட யாரும் கழற்றச் சொல்லவில்லை. கடைசியாக ரத்த அழுத்தம் பார்ப்பதற்குச் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார் டாக்டர். நடுத்தர வயசு, சிரித்த முகம். முன்கையில் ஆறிக்கொண்டிருந்த புண்ணைப் பார்த்தார்.

"இது என்னா, வேலையில பட்டதா?"

சந்தியாகுவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பாலுண்ணி சார். ஒண்ணுதான் இருந்திச்சி. சுட்டுட்டேன்."

"அடப்பாவி, பாலுண்ணிக்கா இப்பிடிச் சுட்டுக்கின?" டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கெல்லாம் யாருய்யா உன்னத் தள்ளப் போறாங்க? எம் பொண்ணுக்கு முதுகெல்லாம் அதான். நேத்துகூட எம் மேல ஏறிப் படுத்துதான் தூங்குனா. தானா போயிடும்ய்யா அது." சொல்லிக்கொண்டே தாளில் கையெழுத்துப் போட்டு, "வாழ்த்துக்கள், போயிட்டு வா," என்று நீட்டினார்.

வெளியே சக்கரபாணி ஓடி வந்து கட்டிப்பிடித்தான். அவனுக்கும் தேறிவிட்டது. எல்லாரும் லட்டு வாங்கப் போனார்கள். சந்தியாகு போகவில்லை. வண்டியை எடுத்தான், ஆனால் முறுக்காமல் தள்ளிக்கொண்டே போனான். டவுன்ஷிப் சாலையில் மர நிழலில் ஒரு மணி நேரம் நின்றிருந்தான். 'எம் மேல ஏறிப் படுத்து' என்று டாக்டர் சொன்ன வார்த்தையே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மகளைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஊட்டியிருந்தால்? ஒன்றும் ஆகியிருக்காது. எதற்கும் அழாதவன் ஹெல்மெட்டுக்குள் அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். தட்டிலிருந்தது, டம்ளரிலிருந்தது, துண்டு, பாய், சோப்பு டப்பா, ஸ்டூல். ஆறு அட்டையையும் சுக்குச் சுக்காகக் கிழித்தான். ஈரத்துணியால் தரையைத் தேய்த்துக் கோட்டை அழித்தான். பிறகு கூடத்தின் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தான்.

"வாம்மா. அப்பா எல்லாத்தையும் அவுத்துட்டேன் பாரு. வா, அப்பாகிட்ட வா."

ஏஞ்சலின் மூலையில் நின்றாள். கோடு இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். இப்போது அங்கே கோடு இல்லை. ஆனாலும் தாண்டவில்லை. இடது கையைப் பின்னால் மறைத்திருந்தாள்.

"கையில என்னாம்மா?"

முன்னால் நீட்டினாள். மணிக்கட்டில் ஓர் அட்டை கட்டியிருந்தது. பழைய நோட்டின் அட்டையைக் கிழித்து, சிவப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்திப் பூசி, கோணல் எழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்தாள். தையல் நூலை நாலைந்து முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். புண்ணுக்கு மருந்து போட்டு வந்த நாளிலிருந்து கட்டியிருக்கிறாள், குளிக்கும்போதும் கழற்ற விடவில்லை என்று சகாயமேரி அடுப்படியிலிருந்து சொன்னாள். எட்டு நாள் ஒரே வீட்டில் இருந்தும் சந்தியாகு அதைப் பார்த்ததில்லை. அவள் பக்கம் பார்த்தால்தானே.

முட்டியாலேயே நகர்ந்து போய் முடிச்சில் கை வைக்கப் போனான். அவள் வெடுக்கென்று சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"தொடாதப்பா. இது நான் கட்டுனது. கட்டுனவங்கதான் அவுக்கணும். நீ தொட்டா உள்ள இருக்கறவங்க செத்துப்பூடுவாங்க. நீதான சொன்ன?"

சந்தியாகு கையைக் கீழே போட்டான். "எப்பம்மா அவுப்ப?" என்று கேட்டான்.

"சரியானதும்," என்றாள்.